ஜுபிடரை மறுதலித்தவன்

மேடைக்கு ஆட்டு ரத்தம்தான் சரி. மாட்டு ரத்தம் கெட்டி; பீய்ச்ச வேண்டிய நேரத்தில் கூழ் மாதிரி வழியும். ஆட்டு ரத்தத்தையும் சூடு ஆறுவதற்குள் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நார் நாராக விரலில் சுற்றிக்கொள்ளும். அதை உருவிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் காடி ஊற்றி வைத்தால் பிற்பகல் நாடகம் முடியும்வரை தாங்கும். பன்றியின் மூத்திரப்பையில் நிரப்பி வாயைக் கட்டி நடிகனின் சட்டைக்குள் வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

பத்து வருஷமாக லண்டனுக்கு எதிர்க்கரையில் சதர்க்கில், ஆற்றங்கரை நாடகக் கொட்டகையில் எனக்கு இதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் பெர்மண்ட்ஸி தோல் கிடங்கில் என் அண்ணன் ரேஃபோடு சுண்ணாம்புக் குழியில் நின்று தோலிலிருந்து மயிர் சுரண்டிக்கொண்டிருந்தேன். நாய்ப் பீயில் ஊறப் போட்ட தோலை முட்டி ஆழத்தில் நின்று மிதித்திருக்கிறேன். அங்கே எனக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. கொட்டகையில்தான் குமட்டியது.

ரத்தத்தைப் பார்த்து அல்ல. அதைப் பார்க்க வந்தவர்களைப் பார்த்து. ஒரு பென்னி கொடுத்துவிட்டுத் தரையில் நிற்கிற கூட்டம், கத்தி ஓங்கினதும் கொட்டை மெல்லுவதை நிறுத்தும். வாயைத் திறந்தபடி முகத்தை முன்னால் நீட்டும். சட்டையில் தெறித்தால் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டிச் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதே முகங்கள் கண்ணை மூடி ஆமென் சொல்லும்.

ஜாஸ்பர் தோரல்ட் எங்கள் கொட்டகையின் பெரிய நடிகன். கொடுங்கோலன் வேஷத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. போன வருஷம் சாராயக் கடையில் கணப்புப் பக்கத்து இருக்கைக்கு அவனுக்கும் ரேஃபுக்கும் தகராறு. ரேஃப் குடித்திருந்தான், கையில் ஒன்றும் இல்லை. தோரல்டிடம் வாள் இருந்தது. ஒரே குத்து. ரேஃப் கடைசியாகச் சொன்னது கர்த்தரின் திருவுடல்மீது ஒரு அசிங்கமான வசவு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஜெபம் இல்லை, பாவமன்னிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

தோரல்டைத் தூக்கில் போடவில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் ஒரு சலுகை உண்டு. நீதிமன்றத்தில் வேதத்தை நீட்டுவார்கள், இரக்கம் கேட்கிற ஒரு சங்கீத வரியை வாசித்துக் காட்டினால் போதும், கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிடுவார்கள். தோரல்ட் அந்த வரியை வாசித்த அழகில் நீதிபதியே மூக்கைச் சிந்தினாராம். மூன்று மாதத்தில் கொட்டகைக்குத் திரும்பி வந்தான். கையுறை போட்டால் கட்டைவிரல் தெரியப்போவதில்லை.

வந்த அன்றைக்கே என் தோளில் கை போட்டான்.

"பார்னபி, நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத. இந்தா, இந்த பூட்ஸ் உனக்குச் சரியா இருக்கும் பாரு."

சரியாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் நெஞ்சில் ரத்தப்பை கட்டி விட்டதும் நான்தான். எனக்குக் கோபம் இருக்கும் என்று கொட்டகையில் யாருக்கும் தோன்றவில்லை. கூலிக்காரனின் கோபம் வாரக் கூலி கைக்கு வரும்வரைக்கும்தான் என்று நினைத்திருப்பார்கள்.

வசந்தத்தில் புது நாடகம் வந்தது. எழுதியவர் கிறிஸ்பின் ப்ளை. கேம்பிரிட்ஜில் பாதிரியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் ஓடிவந்தவர். மிலான் நகரத்துப் பிரபு ஒருவனைக் கொன்றுவிடுகிறான். செத்தவனின் மகன் பழிவாங்க அலைகிறான். கடைசியில் பிரபுவின் தொண்டையில் கத்தியை வைத்து, "தேவனை மறுதலி, உயிரோடு விடுகிறேன்" என்கிறான். உயிருக்குப் பயந்து பிரபு மறுதலிக்கிறான். சொல்லி வாய் மூடுவதற்குள் மகன் குத்திவிடுகிறான். பிரபு தோரல்ட். மகன் ஓவன் என்கிற வெல்ஷ்காரன், நாலு பிள்ளைக்குத் தகப்பன், ஈயைக்கூட அடிக்காதவன்.

முதல் நாள் அந்தக் கட்டத்தில் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் அடுத்த கொட்டகையில் நாய்களை ஏவி வேடிக்கை காட்டக் கட்டிப் போட்டிருந்த கரடி கத்தியது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒப்பனை அறைப் பின்பக்கம் விலாங்கு மீன் வைத்த பணியாரம் தின்றுகொண்டிருந்த எழுத்தாளரிடம் கேட்டேன்.

"ஐயா, அவன்தான் சொன்னபடி சொல்லிட்டானே. அப்புறமும் எதுக்குக் குத்தணும்?"

"அட மடையா, அதுலதானே விஷயமே இருக்கு." அவர் விரலை நக்கிக்கொண்டார். "சும்மா குத்தினா உடம்பு மட்டும்தான் சாவும். பாவமன்னிப்புக் கேட்டவனைக் குத்தினா இன்னும் மோசம், நீயே வண்டி கட்டி அவனைப் பரலோகத்துல இறக்கி விட்ட மாதிரி. தேவனை மறுதலிச்ச வாய் மூடறதுக்குள்ள குத்தணும். அப்பத்தான் நேரா நரகம். உடம்பும் போச்சு, ஆத்துமாவும் போச்சு. இதுக்குத்தான்டா ஜனங்க காசு குடுக்குறாங்க."

"அப்ப எங்கண்ணன்? அவன் கடைசியாச் சொன்னது நல்ல வார்த்தை இல்லீங்களே."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு பணியாரத்தின் மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"நான் நாடகம் எழுதுறவன்ப்பா. என்னைய ஏன் கேக்குற? சாப்பிடு."

நான் சாப்பிடவில்லை.

ரேஃபின் பெண்டாட்டி தாமசின், கரடிக் கொட்டகைச் சந்தில் குடல் கழுவி வேகவைத்து விற்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தாளர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் குடலை உள்வெளியாகத் திருப்பி அலசிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்கண்ணன் அங்கதான் இருக்காரா?"

"தெரியல அண்ணி."

"தெரியாம என்ன. குடிச்சிட்டு, ஆண்டவரைத் திட்டிட்டுச் செத்த ஆளு. நம்ம பாட்டன் காலத்துப் பழைய மார்க்கமா இருந்தா காசு குடுத்து பூசை வெச்சு மேல ஏத்தலாம். இப்ப அதுவும் கிடையாதுன்னுட்டாங்க. விழுந்தா விழுந்ததுதான்." குடலைத் தண்ணீரில் ஓங்கி அடித்தாள். "அவன் மட்டும் சங்கீதம் படிச்சுட்டுச் சுத்துறான். நீ வேற வாரத்துல ஆறு நாளு அவனுக்குப் பை கட்டி விடுற. கை கூசல உனக்கு?"

"கூசுது."

"கூசுற கையாலதானே கூலியும் வாங்குற. கால்ல அவன் பூட்ஸு வேற."

நான் என் காலைப் பார்த்தேன்.

"அவன் மேடையில மறுதலிக்கிறானே," என்றாள் தாமசின், குரலை இறக்கி. "அது கணக்குல சேருமா?"

"வாய்தானே அண்ணி சொல்லுது. வேஷத்துக்குச் சொன்னாலும் தேவன் பேரு தேவன் பேருதானே. பாதிரியாரே நாடகத்தைப் பாவம்னு சொல்றாரு."

"அப்ப குத்துற கத்தி?"

"நிஜக் கத்திதான். பை கிழியணும்ல. பைக்கு அடியில மாட்டுத்தோல் தகடு இருக்கும், அதுல பட்டு நின்னுரும்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது? அந்தத் தகட்டைச் செய்வது நான்தான். முதுகுப் பக்கத்து மாட்டுத்தோலை ஓக் பட்டைத் தண்ணீரில் ஒரு வருஷம் ஊறப் போட்டு, கொதிநீரில் அமுக்கி எடுத்தால் பலகை மாதிரி இறுகிவிடும். ஈட்டியே இறங்காது. ஆட்டுத்தோலை நாலு மடிப்பாக மடித்துத் தைத்து, மேலே அதே கறுப்பு மெழுகு பூசினால் பார்க்க அதே மாதிரி இருக்கும். கத்தி இறங்கும்.

தைக்க இரண்டு நாள் ஆயிற்று. குத்தப்போவது ஓவன் என்பதை நான் நினைக்காமல் இல்லை. விபத்து என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் அண்ணன் எரிகிற இடத்துக்குத் தோரல்டும் போக வேண்டும், அவனுக்கும் கீழே கிடக்க வேண்டும். அதற்குமேல் யோசிக்க எனக்கு மனசில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் நான் கசாப்புக் கொட்டிலில் ரத்தம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டகைக்குப் புதுச் சட்டம் வந்து சேர்ந்தது. பழைய மார்க்கத்துக்காரர்கள் வெடிமருந்து வைத்து ராஜாவைக் கொல்லப் பார்த்த பிறகு மேலிடத்தில் எல்லோருக்கும் பக்தி முற்றிவிட்டது. மேடையில் இனி யாரும் தேவன் பேரைச் சொல்லக் கூடாது, சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் பத்து பவுண்டு தண்டம். ஏட்டைப் பார்த்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவர் நடிகர்களை உட்காரவைத்து, நாடகம் முழுவதும் அந்தப் பேர் வருகிற இடத்தையெல்லாம் அடித்து வேறு பேர் எழுதினாராம். ஒப்பனை அறைச் சுவரில் சீட்டும் ஒட்டியிருந்தது. நான் ரத்த வாளியோடு அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். எனக்குப் படிக்கத் தெரியாது.

தோரல்ட் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் தகட்டை வைத்துக் கட்டினேன்.

"இன்னிக்கு மெத்துனு இருக்கே," என்றான்.

"புதுசுங்க. பழசு விலாவுல அறுக்குதுன்னு சொன்னீங்களே."

"பரவால்லியே, ஞாபகம் வெச்சிருக்க." கன்னத்தில் தட்டினான்.

கடைசிக் கட்டத்தில் திரைக்குப் பின்னால் நின்றேன். மேடையில் ஓவன் கத்தியைப் பிடித்திருந்தான். தோரல்ட் முழங்காலில் விழுந்து, கையுறை போட்ட கைகளைத் தூக்கி, அந்தப் பெரிய குரலில் கத்தினான்.

"மறுதலிக்கிறேன்! ஜுபிடரை மறுதலிக்கிறேன்!"

கீழே எவனோ, "ஜுபிடரா? அது யாருடா உன் மாமனாரா?" என்றான். சிரிப்பு கிளம்பியது. ரோமாபுரிக் கதை நாடகங்களில் நான் கேட்ட பேர்தான், பழங்காலத்துப் பொய்த் தேவன்; அவனை மறுதலித்தால் யாருக்கும் நரகம் கிடையாது.

என் வாய் திறந்தது. நிறுத்து என்று கத்தத்தான் திறந்தது. கொல்லாதே என்பதற்காக அல்ல. இரு, அவனைச் சரியாகச் சொல்ல வை, அப்புறம் குத்து என்பதற்காக. இதை நான் மறைக்கப் போவதில்லை. சத்தம் வருவதற்குள் கத்தி இறங்கிவிட்டது.

தோரல்ட் போட்ட அலறல் வசனத்தில் இல்லாதது. ஓவன் கத்தியை உருவ முயன்றான், வரவில்லை. அவன் முகம் மாறியது. ஆட்டு ரத்தம் கொட்டி முடிந்த பிறகும் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. கூட்டம் அதுவரை அப்படிக் கைதட்டி நான் கேட்டதில்லை. "அப்படிப் போடு! இன்னொரு தரம்!" என்று ஒருத்தி மேல்மாடத்திலிருந்து கூவினாள்.

சட்டையைக் கிழித்துத் துணி அழுத்தியது நான்தான். அந்தச் சாக்கில் ஆட்டுத்தோல் தகட்டை அறுத்து வாளிக்குள் போட்டேன், முன்பே ஒளித்து வைத்திருந்த, வார் அறுந்த பழைய மாட்டுத்தோல் தகடு ஒன்றைத் தரையில் போட்டேன். கட்டு அறுந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஓவனைக் காவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். "நான் என்னடா பண்ணினேன், எப்பவும் குத்துற மாதிரிதானே குத்தினேன், பார்னபி, நீ சொல்லுடா," என்று அழுதுகொண்டே போனான். நான் வாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

தோரல்ட் சாகவில்லை. கத்தி விலா எலும்புக்குக் கீழே இறங்கியிருந்தது. மெழுகுவத்திக்காரி வீட்டு மாடியில் அவன் குடியிருந்த அறைக்குத் தூக்கிப்போனார்கள். கீழே கொழுப்புக் காய்ச்சுகிற நாற்றம், மேலே குடல் அழுகுகிற நாற்றம். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்றார் வைத்தியர். ரத்தத்துக்குப் பழகினவன் என்று அவனைப் பார்த்துக்கொள்ள என்னையே உட்காரவைத்தார்கள்.

மறுநாள் காலையில் அவன் கேட்டது தண்ணீர் இல்லை.

"பாதிரியாரைக் கூட்டிட்டு வா."

வீட்டுக்காரி என்னை விரட்டினாள். "ஓடுய்யா, மரம் மாதிரி நிக்காத."

தெருவுக்கு வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஜுபிடர் கெடுத்ததைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. பாதிரியார் வராமல், பாவமன்னிப்பு இல்லாமல் போகட்டும், ரேஃப் போன மாதிரியே போகட்டும். தாமசினிடம் போனேன். அவள் எனக்கு ஒரு கிண்ணம் குடல் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். "மெதுவாச் சாப்பிடு," என்றாள். மெதுவாகத்தான் சாப்பிட்டேன். திரும்பிப் போய், பாதிரியார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லண்டனுக்குப் போயிருக்கிறார் என்றேன். சாயங்காலம் மறுபடி அனுப்பினார்கள். கரடியை நாய்கள் கடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் வரவில்லை என்றேன். மூன்றாம் நாள் காலையில் இன்னொரு தடவை.

அந்தத் தடவை நான் திரும்பி வந்தபோது அறையில் ஆள் நின்றார்கள். காவல் அதிகாரியும், இரண்டு பக்கமும் காவலர்கள் பிடித்தபடி ஓவனும். தோரல்ட் ஆளனுப்பி வரவழைத்திருக்கிறான். "இவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சாகப்போறவன், பொய் சொல்ல மாட்டேன்," என்றான். ஓவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். வீட்டுக்காரி அழுதாள். காவல் அதிகாரியே தொப்பியைக் கழற்றிவிட்டார். எல்லோரும் கீழே போன பிறகு தோரல்ட் என்னைப் பார்த்தான்.

"நீ பாதிரியார் வீட்டுக்குப் போகல."

"போனேங்க."

"அவரு வீட்டுச் சந்துல முழங்கால் சேறு. உன் பூட்ஸுல ஒரு பொட்டுக்கூட இல்ல."

நான் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"அது மாட்டுத்தோல் இல்ல. நீ மட்டமான தோலைப் போட்டுட்டு நல்லதை வித்துத் தின்னுட்டேன்னுதான் முதல்ல நெனச்சேன். திருடுவேன்னு நெனச்சேன்டா, கொல்லுவேன்னு நெனைக்கல." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "போகட்டும். உன்னை மன்னிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

சுண்ணாம்புக் குழியில் தள்ளியிருந்தால்கூட எனக்கு அப்படி எரிந்திருக்காது.

"நீ யாருடா என்னை மன்னிக்க?"

"மன்னிக்கணும். மன்னிச்சாத்தான் எனக்கு மன்னிப்பு. நேத்தே முழங்கால் போட முடியாம, படுத்தபடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரேஃபையும் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"கர்த்தர்கிட்டதான்."

"ரேஃப்கிட்ட கேட்டியா? என் அண்ணிகிட்ட கேட்டியா? நாலு தெரு தள்ளித்தான் இருக்கா. ஒரு வருஷமா அங்கதான் குடல் கழுவுறா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அவளைப் பார்க்க எனக்கு முகமில்ல பார்னபி."

கர்த்தரைப் பார்க்க முகம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது அவன் கழுத்தை நெரித்தால் அவனுக்குத்தான் லாபம், நானே ஏற்றி அனுப்பினதாகும். விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவான். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அவன் விலாவில் கட்டியிருந்த துணிமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"திட்டு," என்றேன். "அவரைத் திட்டு. ஒரே ஒரு வார்த்தை. விட்டுடறேன்."

அவன் துள்ளினான். துணிக்கு வெளியே மஞ்சளாக ஏதோ வழிந்தது. அந்த நாற்றத்தைத் தோல் கிடங்கில்கூட நான் மோந்ததில்லை. இன்னும் அழுத்தினேன். கண் பிதுங்கியது. வாயிலிருந்து வார்த்தை வருகிறதா என்று குனிந்து, முகத்தை நீட்டி, என் வாயையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் எப்படி நிற்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

"ஆண்டவரே," என்றான். "ஆண்டவரே, ஆண்டவரே, இவனை..." அவ்வளவுதான் வந்தது. இவனை என்ன செய்யச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். "என்னய்யா சத்தம்?"

"கட்டு மாத்துறேன்."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறக்கப் போனாள். அவள் திரும்புவதற்குள் அவன் போய்விட்டான்.

சாவு மணி அடித்ததைக் கேட்டுப் பாதிரியார் தானே வந்து சேர்ந்தார். முட்டிவரை சேறு.

"என்னை ஏன் கூப்பிடல?"

"மூணு தரம் ஆள் அனுப்பினோமே சாமி. நீங்க லண்டன் போயிருக்கீங்கன்னு..."

"நான் வீட்டைவிட்டு நகரவே இல்லையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வேற வீட்டுக் கதவைத் தட்டிட்டேன் போல," என்றேன். பாதிரியார் என் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரியிடம் திரும்பினார்.

"பரவாயில்லம்மா, அழாத. பாதிரி வந்து எண்ணெய் பூசினாத்தான் வழி திறக்கும்னு நெனைக்கிறது பழைய மார்க்கத்து மூடத்தனம். இவரு தானே நேராக் கேட்டுட்டாருன்னு நீயே சொல்ற, போதும். நான் வந்திருந்தாலும் ஜெபம் மட்டும்தான் பண்ணியிருப்பேன்."

மூன்று தடவை தெருத் தெருவாகச் சுற்றி நான் தடுத்தது ஒன்றையுமே அல்ல. அவர் கிளம்பும்போது படியில் போய்ப் பிடித்தேன்.

"சாமி, எங்கண்ணன் ரேஃப். அவன் எங்க இருப்பான்?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. அடக்கம் செய்தது அவர்தான். "அது கர்த்தருடைய ரகசியம்ப்பா," என்றார். பிறகு, நல்ல மனுஷர்தான், பொய் சொல்லவும் தெரியாதவர், "ஆனா அவன் போன விதத்தைப் பார்த்தா நம்பிக்கைக்கு இடம் கம்மி," என்றார். "நீ ஏதாவது சொல்லணும்னா எப்ப வேணா வா. இந்தத் தடவை கதவை மாத்தித் தட்டாத."

தாமசினிடம் போனேன். அவள் தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கத்தினானா?"

"கத்தினான்."

"திட்டினானா?"

"இல்ல அண்ணி. ஜெபம் பண்ணிக்கிட்டே போயிட்டான். பாதிரியாரே தேவையில்லையாம்."

அவள் கை நின்றது.

"அப்ப அவரு கீழ. இவன் மேல."

"அப்படித்தான் சொல்றாங்க."

"குத்தினவனுக்கு மூணு நாள் அவகாசம் குடுத்திருக்க நீ. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மூச்சு நேரம்கூடக் கெடைக்கல. நல்லா வாங்கின பழி." எச்சிலைத் துப்பினாள். "நான்தான் சொன்னேன், நான்தான் மெதுவாச் சாப்பிடச் சொன்னேன்," என்றாள் உடனே, தொட்டிக்குள் குனிந்து வாந்தி எடுத்தாள். கழுவி வைத்திருந்த குடல் பூரா வீணாயிற்று.

தோரல்டின் நல்ல சாவு ஊர் முழுக்கப் பேச்சானது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவனைப் பற்றித்தான் சொன்னார் பாதிரியார். கொட்டகைக் கூட்டம் பூரா கோயிலில் இருந்தது. ஓவன் தன் நாலு பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பினான். எழுத்தாளர் கிறிஸ்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைத் தேடி வந்து, கடைசியில் என்னென்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அது நற்கருணை கொடுக்கிற ஞாயிறு. சதர்க்கில் வீடு வீடாக வந்து சீட்டு வில்லை கொடுத்திருந்தார்கள். வில்லையைக் கொண்டுபோய்க் கொடுத்து அப்பம் வாங்காதவன் பேர் நோட்டில் ஏறும். வெடிமருந்துக்குப் பிறகு அப்படிப் பேர் ஏறினால் யாராவது வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அப்பம் கொடுப்பதற்கு முன் பாதிரியார் எப்போதும் வாசிக்கிற எச்சரிக்கையை வாசித்தார். பகையை வைத்துக்கொண்டு, செய்த பாவத்துக்கு வருந்தாமல் இதை வாங்குகிறவன் தன் தண்டனையைத் தானே தின்கிறான் என்பது அது. வாசிக்கும்போது என்னைப் பார்த்தார். நான் வருந்தப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே முயன்றேன். அவன் செத்ததற்கு வருத்தம் வரவில்லை. அவன் சொன்ன பேர் ஜுபிடராகிப் போனதே என்ற வருத்தம்தான் திரும்பத் திரும்ப வந்தது. என் கட்டைவிரலுக்கு அடியில் அவன் துள்ளினது ஞாபகம் வந்தபோது என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. அருவருப்பு மனந்திரும்புதலாகுமா? ஆகாது என்று எனக்கே தெரியும். அழுகின தோலைப் பார்த்துக்கூட அது வரும்.

தாமசின் எனக்கு முன்னால் போய் முழங்காலிட்டாள். வாங்கினாள், வாயில் போட்டாள், எழுந்து யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

என் முறை. பாதிரியார் அப்பத்தை நீட்டிக்கொண்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார் போல. சொன்னால் தூக்கு. சொல்லாவிட்டால் இது.

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரோ இருமினார்கள்.

வாயைத் திறந்தேன். அப்பம் நாக்கில் காய்ந்த களிமண் மாதிரி உட்கார்ந்தது. எச்சில் ஊறவில்லை. துப்பிவிடலாம் போல இருந்தது. பாதிரியார் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கினேன்.